கானியா வெட்டும் கை

14 ஜூலை, ஞாயிறு

மழை இல்லை. இன்றோடு பதினோரு நாள். காட்டில் கால் வைத்தால் பாசி அப்பளம்போல் நொறுங்குகிறது. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆறு ஜாடி போட்டேன். ஒன்றை இப்போதே திறக்கலாமா என்று ரோமெக் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாற்பத்தாறு வருடமாக ஒவ்வொரு ஜூலையிலும் இதே கேள்வி.

நேற்று காளான் கழகக் கூட்டம். தலைவர் இக்னாட்ஸி சொன்னது: இந்த இலையுதிர் காலத்துக்குள் இரண்டு நிமிட வீடியோ ஒன்று வேண்டும். வறுத்துச் சாப்பிடும் கானியாக் காளானையும் அதேபோல் தெரியும் நச்சுக்காளானையும் பிரித்தறிவது எப்படி என்று படம் அசைந்து விளக்க வேண்டும். பேருந்து நிலையத்திலும் சுகாதார நிலையத்திலும் திரையில் ஓடும். செப்டம்பர் காளான் சந்தையில் பெரிய திரையில் போடுவார்கள். செய்தவர் பெயர் கடைசியில் வரும். சொல்லிவிட்டு அவர் யாரைப் பார்த்தார்? என் தங்கை கொர்னேலியாவை.

அவள் உடனே குனிந்து சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுகிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

நானும் செய்கிறேன் என்றேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

15 ஜூலை, திங்கள்

கொர்னேலியா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாமே. நூலக வகுப்புல எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. நீ வா, நான் காட்டுறேன்."

எனக்கு யாரும் காட்ட வேண்டாம் என்றேன். அப்புறம் அவள் தக்காளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

18 ஜூலை, வியாழன்

மகளின் பழைய கணினியில் மென்பொருளை இறக்கினேன். வகுப்புக்குப் போகப்போவதில்லை. இணையத்தில் ஒரு பெண் பாடம் நடத்துகிறாள். எல்லாப் பாடத்தையும் "இது ரொம்பச் சுலபம்" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அதைக் கேட்டாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது.

புரிந்தவரை எழுதி வைக்கிறேன். படத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு லேயர், கண்ணாடித் தாளில் வரைந்து அடுக்கியதுபோல. கீழே டைம்லைன். அதில் கீஃப்ரேம் வைக்க வேண்டும், அதாவது இந்த நொடியில் பொருள் இங்கே, அந்த நொடியில் அங்கே என்று ஆணி அடித்து வைப்பது. இரண்டு ஆணிக்கும் நடுவில் உள்ளதைக் கணினியே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவுதானா? இதற்கா நூலகத்தில் மூன்று மாதம் போனாள்?

20 ஜூலை, சனி

ஒரு வட்டம் இடமிருந்து வலம் போயிற்று. இரண்டு நாள் ஆயிற்று அதற்கு. ரோமெக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். "வட்டம் நேரத்துக்கு வந்துடுச்சு," என்றார்.

23 ஜூலை, செவ்வாய்

காளான் குடையைக் கொஞ்சம் ஆட்டத்தான் நினைத்தேன். அது தண்டை விட்டுக் கிளம்பித் திரை முழுவதும் சுற்றி வந்து பக்கவாட்டில் வெளியே போய்விட்டது. ஆங்கர் என்று ஒன்று இருக்கிறதாம். படத்தைக் குத்தி வைத்த குண்டூசி. எங்கே குத்தியிருக்கிறதோ அதைச் சுற்றித்தான் படம் திரும்பும். என் குண்டூசி திரையின் மூலையில் இருந்திருக்கிறது. இதை அந்தச் சுலபக்காரி ஒன்பதாவது பாடத்தில் சொல்கிறாள். முதலிலேயே சொன்னால் என்ன?

24 ஜூலை, புதன்

சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். காத்திருக்கும் இடத்தில் கொர்னேலியாவின் போன வருட வீடியோ ஓடுகிறது, உண்ணிக்கடி பற்றியது. உண்ணி தொப்பி போட்டுக்கொண்டு ஆடுகிறது. பக்கத்தில் இருந்த பெண்மணி வாய்விட்டுச் சிரித்தாள். உண்ணி ஆடாது. கடிக்கும்.

ரத்த அழுத்தம் கூடுதல் என்றார்கள். பின்னே?

28 ஜூலை, ஞாயிறு

இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன்.

இந்த ஊர்க் காட்டில் எது எந்த மரத்தடியில் வரும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. சந்தையில் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து ஊராரின் கூடைகளைப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று சொல்ல மட்டும் சான்றிதழ் வேண்டும். எண்பத்தெட்டில் அந்தப் பரீட்சைக்குப் போனேன். காலையில் லத்தீன் பெயர் கேட்டார் ஒருவர். என் காட்டில் யாரும் லத்தீன் பேசவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கொர்னேலியா எழுதித் தேறினாள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் அப்பா தன் காளான் கத்தியை எடுத்து அவளிடம் கொடுத்தார். எலும்புப் பிடி, பின்முனையில் மண் தட்டப் பன்றி ரோமத் தூரிகை. நான் மூத்தவள். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நாலு வருடமாக அவள் வெள்ளை மேலங்கியோடு மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். நான் மேசைக்கு முன்னால் கூடை தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

31 ஜூலை, புதன்

வீடியோவில் அப்பாவின் கத்தியை வரையப் போகிறேன். நினைவிலிருந்தே வருகிறது. பிடியில் இருந்த விரிசல் முதற்கொண்டு.

2 ஆகஸ்ட், வெள்ளி

பெரிய தவறு ஒன்றைப் பிடித்தேன். தனியாக.

கானியாவின் தண்டில் வளையம் தளர்வாக இருக்கும், மோதிரம்போல் மேலும் கீழும் நகர்த்தலாம். நச்சுக்காளானின் வளையம் ஒட்டிக்கொண்டு தொங்கும், நகராது. நகர்வதை அழகாகச் செய்துவிட்டேன். பிறகு நச்சுக்காளானைத் தனியாக வரையச் சோம்பி, கானியா லேயரை நகல் எடுத்து, செதிலை அழித்து, வெளிறிய பச்சை பூசி, நச்சுக்காளானுக்கு மட்டும் மண்ணுக்கடியில் இருக்கும் பையையும் வரைந்தேன். ஓட்டிப் பார்த்தால் நச்சுக்காளானின் வளையமும் ஜோராக ஏறி இறங்குகிறது. படத்தோடு ஆணிகளும் நகலாகி வந்திருக்கின்றன.

இப்படியே போயிருந்தால்? அழித்தேன். இந்த இடத்தில் கொர்னேலியா கவனித்திருப்பாளா? மாட்டாள். தொப்பி போட்டு விட்டிருப்பாள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

கத்தி வருகிறது, தண்டைத் தொடுகிறது, ஒரு நொடி நின்று, வழுக்கிப் போகிறது. குடை சாய்ந்து கூடைக்குள் விழுகிறது. எட்டு நாள் வேலை. வேகம் ஒரே சீராக இருந்தால் எந்திரம் வெட்டுவதுபோல் இருக்கும். தொடும்போது மெதுவாகவும் வெட்டும்போது சட்டென்றும் வரவேண்டும். அதற்கென்று வளைகோடு இருக்கிறது, அதை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

இடது கையை மட்டும் எடுத்துவிட்டேன். இரண்டு கையும் வரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, விரல்கள் மண்ணுக்குள் புதைந்துபோகின்றன. மூன்று நாள் போராடினேன். வேண்டாம். வெட்டுவதற்கு ஒரு கை போதும்.

15 ஆகஸ்ட், வியாழன்

மாதா திருநாள். மூலிகைக் கொத்து கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். கொர்னேலியாவின் கொத்தில் சூரியகாந்தி, தினைக்கதிர், ஆப்பிள்கூட. பாதிரியார் அதன்மேல்தான் அதிகம் தண்ணீர் தெளித்தார். நான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் உன் வேலை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். முடிந்த மாதிரிதான் என்றேன். அவளுடையதில் ஒரு கை காளானை வேரோடு திருகி எடுக்கிறதாம். கத்தியே இல்லையாம்.

"கானியாவை யாருடி திருகி எடுப்பாங்க? வறுக்கிறதுக்குக் குடை மட்டும் போதுமே," என்றேன்.

"அதான் அக்கா விஷயம்," என்று ஏதோ சொல்ல வந்தாள். ரோமெக் பசிக்கிறது என்றார். போய்விட்டோம்.

22 ஆகஸ்ட், வியாழன்

மழை. கடைசியில் மழை.

27 ஆகஸ்ட், செவ்வாய்

குரல் பதிவு. போர்வைக்குள் உட்கார்ந்து பேசினேன், எதிரொலி வராமல் இருக்க. ரோமெக் கதவைத் திறந்து, "வாலா, உள்ள யாரோட பேசுற?" என்றார். அது பதிவாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

6 செப்டம்பர், வெள்ளி

ஜெயித்துவிட்டேன்.

கழகக் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முதலில் கொர்னேலியாவுடையது. சுத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கை வருகிறது, அடியில் பிடிக்கிறது, திருகுகிறது, வேர்ப்பாகம் பெரிதாகத் தெரிகிறது, எழுத்து வருகிறது, மறுபடி எழுத்து வருகிறது. இக்னாட்ஸி கொட்டாவியை மீசைக்குள் ஒளித்தார்.

பிறகு என்னுடையது. கத்தி வந்ததும் இக்னாட்ஸி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குடை கூடைக்குள் விழுந்தபோது யாரோ "அட" என்றார்கள். முடிந்ததும் இக்னாட்ஸி சொன்னார்: "எங்க அப்பா வெட்டுவார் பாருங்க, அச்சு அசல் அப்படியே இருக்கு வலேரியா அம்மா." பதின்மூன்று பேர் எனக்குக் கை தூக்கினார்கள்.

கொர்னேலியாவும் கை தட்டினாள். அவள் சுண்டுவிரல் வளைந்திருப்பதால் தட்டும்போது ஒரு விரல் மட்டும் தனியாக நிற்கும். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது அந்த விரலை வாசல் கதவில் நசுக்கியது நான். வேண்டுமென்று இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் கை தட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரவேண்டுமா?

7 செப்டம்பர், சனி

காலையிலேயே வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, கத்திய எடுத்துடு."

எனக்குத் தெரியும் இது வரும் என்று. அது அப்பாவுடைய கத்தி, உனக்குக் கொடுத்தது, அதைத் திரையில் நான் காட்டுவது உனக்குப் பொறுக்கவில்லை என்றேன்.

"கத்திய வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. அக்கா, மேல வெட்டினா அடி மண்ணுக்குள்ளயே போயிடும். பை இருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பாங்க?"

"பை இருக்கறத நான் வரைஞ்சிருக்கேன். வளையத்தையும் காட்டியிருக்கேன். கண்ணு இருக்கறவங்க பாப்பாங்க."

"அவங்க கத்தியத்தான் பாப்பாங்க. அவ்ளோ அழகா இருக்கு அது."

"தோத்ததுனால பேசற."

அவள் மேசைமேல் ஒரு ஜாடி பிளம் ஜாம் வைத்துவிட்டுப் போனாள். எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். அப்பாவின் கத்தி. எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

9 செப்டம்பர், திங்கள்

பேருந்து நிலையத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. பியாவிஸ்டொக் போகும் மூன்று பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் என் பெயர். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

ஜாமை ரோமெக் திறந்துவிட்டார். நான் தொடவில்லை.

14 செப்டம்பர், சனி

தபால்காரர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: கத்திக் காட்சி அருமையாம். அவர் மனைவி அதேபோல் வெட்டிப் பார்த்தாளாம். கொர்னேலியாவின் உண்ணியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

21 செப்டம்பர், சனி

சந்தை. எழுத முடியவில்லை. நாளை.

22 செப்டம்பர், ஞாயிறு

நடந்தது நடந்தபடி.

வெயில். பெரிய திரையில் என் படம். நான் ஆட்டு ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கீழேயே நின்றேன், வெக்கையாக இருந்தும். பரிசோதனை மேசை பத்தடி தூரம். கொர்னேலியா வெள்ளை மேலங்கியில். வரிசை நீளம்.

ஒன்றைக் கவனித்தேன். கூடைகளில் எல்லாம் குடைகள், வெறும் குடைகள். ஒரே மாதிரி, கழுத்தில் நறுக்கென்று வெட்டியவை. ஒவ்வொன்றையும் அவள் முகர்ந்து, அடிப்பக்க மடிப்பைத் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. எப்போதும் ஒரு கூடைக்கு ஆகும் நேரத்தைப்போல் நாலு மடங்கு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்று எழுதித்தான் ஆகவேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள் என்று.

பிறகு நீனா என்ற பெண் வந்தாள். ஆற்றோரப் புது வீடுகளில் ஒன்று வாங்கிக்கொண்டு தகப்பனோடு குடிவந்தவள். கூடையில் பதினோரு குடை. கொர்னேலியா பத்தைத் தனியாக வைத்தாள். பதினோராவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அத்தனை பேர் முன்னால், "அக்கா, கொஞ்சம் வா," என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவை மேசைக்கு அந்தப் பக்கம் போனேன்.

சின்னக் குடை. வெளிறியது. செதில் இல்லை, மழையில் கழுவிப்போயிருக்கலாம். மடிப்பு வெள்ளை. ஓரத்தில் ஒரு சாயல் பச்சை, அல்லது புல்லின் நிழல். தண்டு இல்லை. வளையம் இல்லை. அடி இல்லை. ஐம்பது வருடக் காடு எனக்கு. எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அடிப்பாகம் எங்கம்மா?" என்று கொர்னேலியா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"அது அங்கயே இருக்கும். வீடியோவுல காட்டின மாதிரிதான் வெட்டினோம்." அவள் திரையைக் கை காட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கத்தி வந்து வழுக்கிப் போயிற்று.

வளையத்தை நகர்த்திப் பார்த்தாயா என்று நான் கேட்டேன். எந்த வளையம் என்று கேட்டாள்.

கொர்னேலியா என் பக்கம் திரும்பவே இல்லை. நேற்றும் பறித்தீர்களா, யாராவது சாப்பிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா மட்டும் சாப்பிட்டார், நேற்றுச் சாயங்காலம், ரொட்டித்தூளில் புரட்டி இரண்டு குடை என்றாள் நீனா. எனக்குக் காளான் பிடிக்காது என்றாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், தோட்டத்தில் வேலை செய்கிறார் என்றாள்.

இந்த நஞ்சு உடனே காட்டாது. எனக்கும் தெரியும், கொர்னேலியாவுக்கும் தெரியும். நீனாவுக்குத் தெரியாது, சொன்னோம். அவள் முகம் — வேண்டாம்.

கொர்னேலியா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சமையலறைக் குப்பையைக்கூடக் கொட்டாமல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். நான் போய்ப் பெரிய திரையின் வயரைப் பிடுங்கினேன். இக்னாட்ஸி என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். ஒன்றும் ஆகவில்லை, வயர் சூடாகிவிட்டது என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்?

23 செப்டம்பர், திங்கள்

விடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போய் அதை நிறுத்தச் சொன்னேன். டிக்கெட் கொடுக்கும் பெண், நல்லாத்தானே ஓடுது, ஏம்மா என்றாள். நான் செய்தது, நான் சொல்கிறேன், நிறுத்து என்றேன். சுகாதார நிலையத்திலும் நிறுத்தியாயிற்று. அங்கே மறுபடி உண்ணி ஆடுகிறது. ஆடட்டும்.

பியாவிஸ்டொக் மருத்துவமனையில் இருந்து செய்தி இல்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

செய்தி இல்லை. ரோமெக் சூப் வைத்தார். உப்பே இல்லை. சொல்லவில்லை.

என் வீடியோ ஜெயித்தது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். எப்போது அனுப்புவாய் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

25 செப்டம்பர், புதன்

கொர்னேலியா கூப்பிட்டாள். ரத்தம் மூன்று தடவை பார்த்துவிட்டார்கள். ஈரல் நன்றாக இருக்கிறது. கிழவர் மருத்துவமனைச் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போடுகிறாராம். வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் சாப்பிட்ட இரண்டும் கானியாதான்.

பதினோராவது?

"ஆய்வுக்கூடத்துல பாத்துட்டாங்க. அது அந்த நச்சுதான் அக்கா."

அடுத்த நாளுக்கான கூடை அது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு.

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது சுலபமாக இருந்திருக்கும்.

26 செப்டம்பர், வியாழன்

நான் எப்போதும் மேலேதான் வெட்டுகிறேன். அப்பாவும் அப்படித்தான். ஒரு நாளும் தவறியதில்லை. அப்படியென்றால் தவறு கத்தியில் இல்லையே? மூன்று நாளாக மண்டைக்குள் இதே கேள்வி. காட்டுக்குப் போய் நிரூபித்துவிடுவது என்று கிளம்பினேன். ரோமெக்கும் வந்தார்.

பிர்ச் மரங்கள் முடியும் இடத்தில் நல்ல கானியா ஒன்று. குனிந்தேன், வெட்டினேன். பார்த்தீர்களா என்றேன்.

"பாத்தேன். முதல்ல தோண்டுற, அப்புறம் வெட்டுற."

நான் எங்கே தோண்டினேன் என்றேன். அவர் என் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நகத்தில் எல்லாம் கறுப்பு மண்.

இன்னொன்றைத் தேடி, இந்தத் தடவை என்னையே கவனித்துக்கொண்டு குனிந்தேன். வலது கை கத்தியோடு காத்திருக்கிறது. இடது கை தானாகப் போய்ப் பாசியை விலக்கி, மூன்று விரலால் தண்டைச் சுற்றி மண்ணைத் தள்ளி, அடியைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது. பை இருக்கிறதா என்று. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஐம்பது வருடமாகச் செய்கிறேன். செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கையைத்தான் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எடுத்துவிட்டேன். லேயர் ஏறுகிறது என்று. ஆணிகளுக்கு நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பும். நான் வரையாத கையை அது வரையாது.

30 செப்டம்பர், திங்கள்

கொர்னேலியா வீட்டுக்குப் போனேன். போன தடவை போனது ஈஸ்டருக்கு. தேநீர் வைத்தாள். இடது கை விஷயத்தைச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல்லுக்கு என் வாய் பழகவில்லை, இந்த வயதில் பழக்கப்போவதும் இல்லை.

அவள் கேட்டுவிட்டு, "பரீட்சையில மத்தியானப் பகுதி முழுக்க அதுதான். அடிய எடுத்துப் பாக்காம பேர் சொன்னா மார்க் கிடையாது. அதுக்கப்புறம்தான் நான் கத்தியவே விட்டுட்டேன்," என்றாள்.

மத்தியானம். நான் காலையிலேயே எழுந்து வந்தவள்.

சான்றிதழ் இல்லாமலே அது என் இடது கைக்குத் தெரிந்திருக்கிறது. என் தலைக்குத்தான் யாரும் சொல்லவில்லை. இதில் எனக்குப் பெருமையா அவமானமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் படத்தையே போடச் சொல் என்றேன். வாயில் கசந்தது, சொன்னேன்.

"போட்டாங்க அக்கா. வெள்ளிக்கிழமைலேருந்து ஓடுது. ஒருத்தரும் நிமிந்து பாக்கல. நானே உக்காந்து பாத்தேன், எனக்கே தூக்கம் வந்துடுச்சு." சிரித்தாள். "உன்னோடத மட்டும்தான் பாக்கறாங்க. உன் கை இழுக்கிற மாதிரி எனக்கு இழுக்க வராது. எனக்கு எவ்ளோ எரிச்சல் தெரியுமா? ஓட்டு எண்ணின அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்."

எரிச்சல். கொர்னேலியாவுக்கு. என்மேல்.

இன்னொரு கோப்பை தேநீர் குடித்தேன்.

2 அக்டோபர், புதன்

கத்தியை அழித்தேன். முப்பத்தேழு ஆணிகள். ஒவ்வொன்றாக.

5 அக்டோபர், சனி

திருகும் கை எனக்கு வரவில்லை. நான் திருகியதே இல்லை, பின்னே எப்படி வரும்? குழாயை மூடுவதுபோல் வருகிறது. கொர்னேலியாவைக் கூப்பிட்டேன். வந்தாள். தோட்டத்தில் அவள் கானியாவைத் திருகி எடுக்க, நான் தொலைபேசியில் படம் பிடித்தேன். பதினாறு தடவை. இருந்தது ஒரே கானியா, அதனால் மறுபடி மறுபடி அதையே நட்டு வைத்தோம். கடைசியில் அது வெந்த கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலில் இருந்து ரோமெக், "அத ஒரு தடவ சாக விடுங்களேன்," என்றார்.

இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். இருமியது மாதிரி இருந்தது. இருமல் இல்லை.

11 அக்டோபர், வெள்ளி

அவள் கையை அப்படியே வரைகிறேன். வளைந்த சுண்டுவிரலை நிமிர்த்திவிடலாமா என்று யோசித்தேன். நிமிர்த்தினால் பிடி பொய்யாகத் தெரிகிறது. அப்படியே விட்டேன்.

இடது கை என்னுடையது. மூன்று விரல், மண், தடவல். இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. இந்தத் தடவை எடுக்கப்போவதில்லை. ஒரு வாரம் ஆனாலும் சரி.

17 அக்டோபர், வியாழன்

ஏறவில்லை. என் கை விலகும் நேரத்தில் அவள் கை வர வேண்டும். அவ்வளவுதான் தந்திரம்.

கடைசியில் யார் பெயர் என்று இக்னாட்ஸி கேட்டார். என் பெயர் என்றேன். பிறகு, கீழே அவள் பெயரும் என்றேன். கொஞ்சம் சின்ன எழுத்தில்.

26 அக்டோபர், சனி

மகளைப் பார்க்கப் போகலாம் என்று பேருந்து நிலையத்துக்கு வந்தேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. காளான் காலம் முடியப்போகிறது, இருந்தும் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்கு முன் பெஞ்சில் ஒரு கணவன் மனைவி. மனைவி சொன்னாள்: "அந்தக் கை யாரோடதுன்னு தெரியுதா? நம்ம கொர்னேலியா. சுண்டுவிரலப் பாருங்க. எவ்ளோ பதமா எடுக்கறா."

கணவர், ஆமாம், அவள் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வாள் என்றார்.

வரைந்தது யார் என்று கேட்கவில்லை. இடது கை யாருடையது என்றும் கேட்கவில்லை. பெயர் வரும்போது அந்த மனிதர் பையில் ரொட்டி தேடிக்கொண்டிருந்தார். நான்தான் என்று சொல்ல வாயெடுத்து, கைப்பையை மூடிக்கொண்டேன்.

பேருந்து வந்தது. ஏறவில்லை. இன்னொரு தடவை ஓடட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மாள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் மடிமேல், கூடையின் ஓரத்தில், இடது கையின் மூன்று விரல்கள் எதையோ விலக்குவதுபோல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது தெரியவில்லை.